மேயர் பெயரில் ஒரு சாலை

ஜார்ஜ்டவுனில் முன்பு ஸ்காட் ரோடு என்று வழங்கிய சாலையின் இன்றைய பெயர் ஜாலான் டி. எஸ். ராமநாதன். இந்த ராமநாதன் பினாங்குத் தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர். மலாயாக் கூட்டரசு விடுதலை பெறுவதற்கு முன்பே ஜார்ஜ்டவுனின் முதல் மேயரானவர். மறைந்த அரசியல்வாதிகளை இந்நகரம் பெரும்பாலும் சாலைப் பெயர்களாகவே நினைவில் வைத்திருக்கிறது. ராமநாதனின் பெயருக்குப் பின்னால் அவர் ஒருவரின் வாழ்க்கை மட்டுமல்ல, மக்கள் வாக்களித்து நகரை ஆண்ட ஒரு குறுகிய காலமும் இருக்கிறது.

அந்தக் காலம் 1951 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. அன்று நடந்த நகராண்மைக் கழகத் தேர்தல்தான் மலாயாவின் முதல் நகராட்சித் தேர்தல். கோலாலம்பூர் அடுத்த ஆண்டுதான் தேர்தலைக் கண்டது. கழகத்தின் 15 இடங்களில் 9 மட்டும் வாக்குக்கு விடப்பட்டன. மற்றவை நியமன இடங்கள். நகரம் தஞ்சோங், கெலாவாய், ஜெலுத்தோங் என மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, வட்டாரத்துக்கு மூன்று பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 9 இடங்களில் 6 ரேடிகல் கட்சிக்குப் போயின. அந்தக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர் மருத்துவர் லிம் சோங் இயூ. தொழிற்கட்சிக்குக் கிடைத்தது ஒரே ஓர் இடம்.

அடுத்த ஐந்தாண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1956 இறுதித் தேர்தலோடு 15 இடங்களும் மக்கள் வாக்குக்கு வந்தன. நியமன உறுப்பினர் என்ற வகையே இல்லாமல் போனது. 1957 ஜனவரி 1 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியாரின் பட்டயத்தால் ஜார்ஜ்டவுன் மாநகரமானது. நகராண்மைக் கழகம் மாநகர் கழகமாகி, ராமநாதன் மேயர் நாற்காலியில் அமர்ந்தார். நாடு விடுதலை பெற இன்னும் எட்டு மாதங்கள் இருந்தன. வணிகர்களும் குலத் தலைவர்களும் செல்வாக்குச் செலுத்திய துறைமுக நகரம் ஓர் இடதுசாரிக் கட்சிக்காரரை, அதுவும் சீனர் பெரும்பான்மையாக இருந்த ஊரில் ஓர் இந்தியரை, முதல் மேயராக ஏற்றது அந்நாளில் சிறிய செய்தி அல்ல.

அந்த மேயர் பதவி வெறும் அலங்காரமாக இருக்கவில்லை. குடிநீர், மின்சாரம், பேருந்து எல்லாம் மாநகர் கழகத்தின் கையில் இருந்தன. கம்பியில் ஓடிய டிராலி பேருந்துகளும் 1961 வரை அதற்கே சொந்தம். மின்சாரமும் நீரும் ஈட்டித் தந்த பணத்தால் கழகத்தின் ஆண்டு வருவாய் பினாங்கு மாநில அரசின் வருவாயையே மிஞ்சியது. பாடாங் கோத்தா லாமா திடலை நோக்கி நிற்கும் நகர மண்டபத்தில் கூடியவர்களின் கையில் இருந்த பணம், மாநில முதலமைச்சரிடம் இல்லை. பின்னால் எழுந்த பூசல்களுக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதலாம்.

1957 ஆகஸ்டில் தொழிற்கட்சியும் மக்கள் கட்சியும் சேர்ந்து சோசலிச முன்னணியை அமைத்தன. ராமநாதனுக்குப் பின் ஊய் தியாம் சியூ மேயரானார், அவரையடுத்து சி. ஒய். சோய். இந்த மூன்றாமவரே கடைசி மேயரும் ஆனார். பிரிட்ஜ் ஸ்ட்ரீட் இன்று ஜாலான் சி. ஒய். சோய் என்று அழைக்கப்படுவது அவர் நினைவாகத்தான்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் உள்ளாட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார். தற்காலிகம் என்றே அப்போது சொல்லப்பட்டது. 1966-ல், நிர்வாகச் சீர்கேடு பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு நடுவே, மாநகர் கழகத்தின் அதிகாரங்கள் முதலமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டன. உள்ளாட்சி பற்றி ஆராய அமைந்த அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஆணையம் 1968-ல் பரிந்துரைத்தது, அரசு ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் வாக்குக்கே இடமில்லாமல் செய்தது. தமிழர் ஒருவர் முதல் மேயராக இருந்த முறையை மீட்கச் சொன்னவரும் தமிழரே என்பது தற்செயல்தான். ஆனாலும் மலேசியத் தமிழர் அரசியல் வரலாற்றில் இந்த இருவரையும் சேர்த்துப் பேசுவோர் குறைவு.

பின்னாளில் மறைந்தவர்களுக்கும் நகரம் இதே வழியில்தான் அஞ்சலி செலுத்தியது. ரேடிகல் கட்சியில் தொடங்கி, கெராக்கான் கட்சி வழியாக 1969 முதல் 1990 வரை முதலமைச்சராக இருந்த லிம் சோங் இயூ 2010 நவம்பர் 24 அன்று காலமானார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை, கொம்தார் கட்டடம், 1985-ல் திறந்த பினாங்குப் பாலம் எல்லாம் அவர் காலத்தவை. அவர் மறைந்த சில வாரங்களில் ஜெலுத்தோங் விரைவுச்சாலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அதே ஜெலுத்தோங் மக்கள் 1978 முதல் 1999 வரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர் வழக்கறிஞர் கர்ப்பால் சிங். 1940-ல் ஜார்ஜ்டவுனில் பிறந்து, செயின்ட் சேவியர் பள்ளியில் படித்து, ஜனநாயக செயல் கட்சியில் சேர்ந்தவர். 1987-ல் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார். 2005 கார் விபத்துக்குப் பின் சக்கர நாற்காலியிலேயே நாடாளுமன்றத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வந்தார். 2014 ஏப்ரல் 17 அதிகாலையில் கம்பார் அருகே நெடுஞ்சாலை விபத்தில் உயிரிழந்தபோது அவர் புக்கிட் குளுகோர் உறுப்பினர். மூன்று நாள் கழித்து நடந்த இறுதி ஊர்வலத்தில் இனம், மதம் பாராமல் ஆயிரக்கணக்கானோர் நடந்தனர். ஜெலுத்தோங் கடலோரச் சாலை ஒன்று அவர் பெயரைப் பெற்றது. தேச நிந்தனை வழக்கில் அவர்மீது இருந்த தீர்ப்பைக் கூட்டரசு நீதிமன்றம் 2019-ல் ரத்து செய்தது.

1965-ல் நின்றுபோன உள்ளாட்சித் தேர்தலை மீட்கப் பினாங்கு அரசு 2012-ல் தனிச் சட்டமே இயற்றியது. 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2015 மார்ச் 31 அன்று தீவு முழுதும் ஒரே மாநகராகி, மேயர் பதவி திரும்பி வந்தது. பத்தாஹியா இஸ்மாயில் முதல் பெண் மேயரானார். மேயரையும் கவுன்சிலர்களையும் நியமிப்பது மாநில அரசு.