பழைய கணினியும் புதிய பூட்டும்

இணைய நிறுவனத்தார் வந்து புதிய ரௌட்டரைப் பொருத்திவிட்டுப் போன பிறகு பல வீடுகளில் ஒரு சிறு குழப்பம் நேர்கிறது. கைப்பேசிகள் எல்லாம் நொடியில் இணைந்துவிடுகின்றன. பத்துப் பதினைந்து ஆண்டுகளாக உழைத்துவரும் மடிக்கணினி மட்டும் இணைய மறுக்கிறது. வலையமைப்பின் பெயர் திரையில் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரியானதே, ஆயினும் ‘இணைக்க இயலவில்லை’ என்ற ஒற்றை வரியோடு அது நின்றுவிடுகிறது. சில வேளைகளில் பெயரே தெரிவதில்லை. கணினிக்கு வயதாகிவிட்டது, வேறொன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை.

வயதாகிவிட்டது என்பது விளக்கமாகாது. அதே கணினியை ஒரு கம்பியால் அதே ரௌட்டரோடு இணைத்துப் பாருங்கள், மறுபேச்சின்றி இணைந்துவிடும். 1990இல் வரையறுக்கப்பட்ட, நொடிக்கு 10 மெகாபிட் வேகமே கொண்ட ஈதர்நெட் அட்டையைக்கூட இன்றைய ரௌட்டர்களில் பெரும்பாலானவை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கின்றன. கம்பியில் முப்பது ஆண்டுப் பழமை பொறுத்துக்கொள்ளப்படுகிறது; காற்றில் பதினைந்து ஆண்டுப் பழமை வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. இந்த வேறுபாட்டுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. பேச்சு எவ்வளவு காலம் நிலைக்கும், பூட்டு எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற இரு வேறு கேள்விகளின் வரலாறு அது.

கம்பிக்கும் காற்றுக்கும் மூதாதை ஒன்றே. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனும் அவர் குழுவினரும், தீவுகளுக்கிடையே வானொலி அலைகளின் வழியாகக் கணினியை எட்டும் அலோஹாநெட் என்ற அமைப்பை 1971இல் இயக்கிக் காட்டினர். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவது, இன்னொருவர் பேச்சோடு மோதிக்கொண்டால் சற்றுப் பொறுத்து மறுபடி சொல்வது என்பதே அதன் ஒழுங்கு. 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டைச் சிந்தித்தபோது இந்தக் கருத்தைச் செம்மைப்படுத்திக் கம்பிக்குள் கொண்டுவந்தார்.

காற்றுவழிப் பேச்சு வீட்டுக்குள் வர இன்னொரு கதவு திறக்க வேண்டியிருந்தது. 1985 மே மாதத்தில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைப் பட்டைகளை உரிமம் இல்லாமலே எவரும் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அவற்றுள் ஒன்று, மைக்ரோவேவ் அடுப்புகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை. மற்றவர்களுக்குப் பயன்படாது என்று ஒதுக்கப்பட்டிருந்த இடத்தில்தான் பின்னாளில் உலகமே குடியேறியது. கடைகளின் பணப்பெட்டி இயந்திரங்களைக் கம்பியின்றி இணைக்க விரும்பிய என்.சி.ஆர். நிறுவனத்தினர் பொதுவான ஒரு தரநிலையை நாடினர். அந்நிறுவனத்தின் நெதர்லாந்துக் கிளையைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் தலைமையில் 1990 முதல் ஐ.இ.இ.இ. குழு கூடிப் பேசியதன் விளைவே 1997இல் வெளியான 802.11 என்னும் தரநிலை. அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் வந்த 802.11பி அதை 11 ஆக்கியது. வைஃபை என்ற பெயரும் அந்த ஆண்டில் பிறந்ததுதான்.

அதன்பின் வேகம் பலமடங்காகப் பெருகியது. எனினும் பழைய பேச்சு கைவிடப்படவில்லை என்பதே வியப்பு. 2003இல் 54 மெகாபிட் வேகத்தோடு 802.11ஜி வந்தபோது, பழைய ‘பி’ அட்டைகளால் அதன் பேச்சைக் கேட்டறிய முடியவில்லை. கேட்க முடியாதவன் குறுக்கே பேசிவிடுவான் அல்லவா? அதற்காகப் புதிய கருவிகள் ஒவ்வொரு முறையும் தம் செய்திக்கு முன்னால், ‘இவ்வளவு நேரம் நான் பேசப்போகிறேன், பொறுத்திருங்கள்’ என்று பழைய மெதுவான முறையில் ஓர் அறிவிப்பை விடுக்குமாறு விதி செய்தனர். ஒரே ஒரு பழைய கணினி வீட்டில் இருந்தாலும் புதியவை அனைத்தும் இந்தக் காலதாமதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்த மரியாதை இன்றும் தொடர்கிறது. 2013இன் 802.11ஏசி, 2021இன் 802.11ஏஎக்ஸ், 2024இல் சான்றளிப்புத் தொடங்கிய வைஃபை 7 ஆகிய மூன்றும், 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் அனுப்பும் ஒவ்வொரு செய்திப் பொதியின் தலைப்பிலும் 1999இல் வகுக்கப்பட்ட வடிவத்தில் ஒரு முகப்பை வைத்தே தொடங்குகின்றன. புது யாப்பில் காவியம் எழுதுகிற புலவன் பழைய வெண்பாவில் காப்புப் பாடித் தொடங்குவதைப் போன்றது இது. பேச்சைப் பொறுத்தவரை பொறியாளர்கள் மரபை மறந்தவர்கள் அல்லர்.

மாறியது பூட்டு. கம்பிக்குச் சுவர் காவலாக இருக்கிறது. வீட்டுக்குள் வந்து செருகுபவரே இணைய முடியும். காற்றுக்குச் சுவர் இல்லை. ஆகவே 1997இன் தரநிலையிலேயே டபிள்யூ.ஈ.பி. என்ற குறியாக்க முறை சேர்க்கப்பட்டது. கம்பிக்கு நிகரான அந்தரங்கம் என்பதுதான் அந்தப் பெயரின் விரிவு. அந்த வாக்குறுதி நிறைவேறவில்லை. குறியாக்க நுட்பங்களின் ஏற்றுமதிக்கு அமெரிக்க அரசு விதித்திருந்த கட்டுப்பாடுகளால் அதன் இரகசியத் திறவுகோல் 40 பிட் அளவினதாக இருந்தது. அதைவிடப் பெரிய குறை இன்னொன்று. ஒவ்வொரு பொதிக்கும் திறவுகோலைச் சற்றே மாற்றித் தரும் எண் 24 பிட் அளவே கொண்டது. அதாவது ஏறத்தாழ 1 கோடியே 68 இலட்சம் மதிப்புகள். பெரிய எண்ணாகத் தோன்றும். ஆனால் 11 மெகாபிட் வேகத்தில் ஓயாமல் இயங்கும் வலையமைப்பு ஐந்து மணி நேரத்தில் அத்தனையையும் செலவழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதே எண் திரும்ப வரும்போது ஒட்டுக்கேட்பவனுக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் துப்பு கிடைத்துவிடுகிறது.

2001இல் பெர்க்லியைச் சேர்ந்த போரிசோவ், கோல்ட்பர்க், வாக்னர் ஆகியோர் இக்குறைகளை விரித்தெழுதினர். அதே ஆண்டில் ஃப்ளூரர், மான்டின், ஷமிர் மூவரும், டபிள்யூ.ஈ.பி.யின் அடித்தளமான ஆர்.சி.4 முறை அங்கே பயன்படுத்தப்பட்ட விதத்தில் திறவுகோலையே கண்டுபிடித்துவிட முடியும் என்று காட்டினர். 2007இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள், 104 பிட்டாக நீட்டப்பட்ட திறவுகோலையும் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடலாம் என்று நிறுவினர்.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை உரிமத்திலிருந்து விடுவிக்கப்பட்டது 2005 சனவரியில்தான் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நம் வீடுகளுக்கு வைஃபை பரவலாக வரத் தொடங்கியபோதே அதன் முதற்பூட்டு உடைந்து நான்காண்டுகள் ஆகியிருந்தன.

இந்தக் கதையில் என்னைப் பெரிதும் கவர்வது 2001க்கும் 2004க்கும் இடைப்பட்ட காலம். பூட்டு உடைந்துவிட்டது. இலட்சக்கணக்கான அட்டைகள் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டன. அவற்றின் சின்னஞ்சிறு செயலிகளால் வலுவான புதிய குறியாக்கத்தைக் கணக்கிட இயலாது. எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்று சொல்வதா, உடைந்த பூட்டோடு இருங்கள் என்று சொல்வதா? பொறியாளர்கள் மூன்றாவது வழியொன்றை நாடினர். டி.கே.ஐ.பி. என்ற அந்த முறை, பழைய அட்டையின் ஆர்.சி.4 எந்திரத்தையே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பொதிக்கும் திறவுகோலைப் புதிதாகப் பிசைந்து கொடுத்தது. 24 பிட் எண் 48 பிட்டாயிற்று. செய்தி வழியில் திருத்தப்பட்டதா என்று சோதிக்க ‘மைக்கேல்’ என்ற முறையை நீல்ஸ் ஃபெர்கூசன் வடிவமைத்தார். பழைய அட்டைகளால் தாங்கக்கூடிய அளவுக்கே கணக்கு இருக்க வேண்டும் என்பதால் அது வலுக்குறைந்ததாகத்தான் அமைந்தது. வடிவமைத்தவர்களுக்கு அது தெரியும். ஆகவே ஒரு நிமிடத்துக்குள் இருமுறை போலிச் செய்தி பிடிபட்டால் வலையமைப்பே ஒரு நிமிடம் வாய்மூடிக்கொள்ள வேண்டும் என்று காவல்விதி சேர்த்தனர்.

2003இல் டபிள்யூ.பி.ஏ. என்ற பெயரில் இது வந்தபோது, பழைய அட்டைகளில் பல உள்ளே பதிந்திருந்த மென்பொருளை மாற்றிக்கொண்டாலே போதும் என்ற நிலை உண்டானது. புதியதைச் செய்யும் திறன் இல்லாத கருவிகளுக்காக, அவற்றின் இயலாமையையே வரையறையாகக் கொண்டு செய்யப்பட்ட வடிவமைப்பு இது. தொழில்நுட்ப வரலாற்றில் இத்தகைய கருணை அடிக்கடி காணக்கிடைப்பதில்லை.

ஆனால் அது இடைக்கால ஏற்பாடு. 2004 ஜூனில் 802.11ஐ தரநிலை நிறைவுபெற்றது. பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரைமன் இருவர் உருவாக்கிய ஏ.இ.எஸ். என்ற வலுவான குறியாக்கத்தோடு டபிள்யூ.பி.ஏ.2 வந்தது. 2006 மார்ச் முதல் வைஃபை சான்று பெறும் எல்லாக் கருவிகளுக்கும் அது கட்டாயமாயிற்று. இங்கேதான் முதல் தலைமுறைக் கணினிகள் பின்தங்கின. சிலவற்றில் அட்டைக்கே திறனில்லை. சிலவற்றில் அட்டைக்குத் திறனிருந்தும் இயங்குதளத்துக்குத் தெரியவில்லை. 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி டபிள்யூ.பி.ஏ.2வை அறிந்துகொண்டது 2005இல் தனியே தரப்பட்ட ஓர் இணைப்பினால். 2008இன் மூன்றாம் சேவைத்தொகுப்பில்தான் அது உள்ளடங்கியது. இந்த இணைப்புகளைப் பெறாத கணினிக்குக் கடவுச்சொல்லை நூறு முறை தட்டினாலும் பயனில்லை. அதற்குச் சொல் தெரியும். அச்சொல்லைக் கொண்டு தன்னை மெய்ப்பிக்கும் முறை தெரியாது.

பழைய கருவிகளை அரவணைத்துக்கொண்டே இருந்தால் என்ன என்று கேட்கலாம். அதற்கும் வரலாறு விடை தந்திருக்கிறது. அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். என்ற சில்லறை வணிகக் குழுமம் தன் கடைகளின் வைஃபையை டபிள்யூ.ஈ.பி.யிலிருந்து மாற்றுவதில் தாமதித்தது. 2005 முதல் உள்ளே புகுந்தவர்கள் குறைந்தது 4 கோடியே 57 இலட்சம் அட்டைகளின் விவரங்களை எடுத்துச்சென்றதாக 2007இல் தெரியவந்தது. பூட்டே இல்லாத இணைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் நாடும் கண்டது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சில நிமிடங்கள் முன்னதாக அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் காவலற்றிருந்த ஒரு வீட்டு வைஃபை வழியாகச் சென்றிருந்தது. அந்த இணைப்புக்கு உரியவர் விசாரணைக்கு ஆளாக நேர்ந்தது. உடைந்த பூட்டின் விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் அதைப் பூட்டியவர் அல்லர்.

கருணைக்குப் பிறந்த டி.கே.ஐ.பி.யும் தப்பவில்லை. 2008இல் பெக், டெவ்ஸ் இருவரும் அதில் முதல் விரிசலைக் காட்டினர். 2012இன் திருத்தத்தில் தரநிலையே அதைக் கைவிடத்தக்கதென ஒதுக்கியது. அதற்கு முன்பே 2009இன் 802.11என், டபிள்யூ.ஈ.பி.யையோ டி.கே.ஐ.பி.யையோ பயன்படுத்தும் இணைப்புக்குப் புதிய வேகங்கள் கிடையாது என்று விதித்திருந்தது. பழைய கணினிக்காக ரௌட்டரைப் பழைய பூட்டுக்கு மாற்றிய வீடுகளில் புதிய கருவிகளும் 54 மெகாபிட்டுக்கு இறங்கியது இதனால்தான்.

இன்றைய குழப்பத்தின் பெயர் டபிள்யூ.பி.ஏ.3. 2017இல் மாத்தி வான்ஹூஃப், டபிள்யூ.பி.ஏ.2இன் கைகுலுக்கலிலேயே ஒரு குறையைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு டபிள்யூ.பி.ஏ.3 வெளிவந்தது; 2020 ஜூலை முதல் சான்றுபெறும் புதிய கருவிகளுக்கு அது கட்டாயம். திருடிய பதிவை வைத்துக்கொண்டு சாவகாசமாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் வழியை அது அடைத்தது. ரௌட்டர் டபிள்யூ.பி.ஏ.3ஐ மட்டும் ஏற்கும்படி அமைந்திருந்தால் பழைய மடிக்கணினி வெளியில்தான் நிற்கும். பெயரே தெரியாமைக்கு வேறு காரணங்கள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்த அட்டை 5 கிகாஹெர்ட்ஸ் வலையமைப்பைக் காணாது. அமெரிக்காவில் வாங்கிய கணினி 12, 13ஆம் தடங்களைக் காணாதிருக்கலாம். பழைய இன்டெல் அட்டைகள் சில, டிரைவர் மென்பொருளைப் புதுப்பிக்கும்வரை 802.11ஏஎக்ஸ் வலையமைப்பின் பெயரையே காட்டுவதில்லை.

எனவே ஒரு கணினியைத் தூக்கி எறியுமுன் செய்யக்கூடியவை சில இருக்கின்றன. ரௌட்டரில் டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் பொருந்தவில்லையெனில், விருந்தினர் வலையமைப்பு ஒன்றை 2.4 கிகாஹெர்ட்ஸில், டபிள்யூ.பி.ஏ.2 பூட்டோடு, 1 முதல் 11 வரையிலான தடமொன்றில் அதற்கென ஒதுக்கலாம். டிரைவரைப் புதுப்பிக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகலாம். எதுவும் கைகூடாதபோது கம்பி இருக்கிறது. செய்யக்கூடாதது ஒன்றே: ஒரு கணினிக்காக வீடு முழுவதையும் டபிள்யூ.ஈ.பி.க்கோ பூட்டின்மைக்கோ இறக்கிவிடுவது.

தமிழக அரசு 2011இல் மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் இன்னும் உயிரோடிருப்பவை சிலவற்றை, அண்ணனிடமிருந்தோ அக்காவிடமிருந்தோ பெற்றுக்கொண்டு வரும் மாணவர்களை வகுப்பில் காண்கிறேன். புதிதாக வாங்கிக்கொள் என்பது அவர்களிடம் சொல்லத்தக்க விடை அன்று. பழையது கழிவது குற்றமாகாது என்ற அமைதியை மொழிக்குச் சொன்ன நன்னூலார், கழிப்பதற்குக் காலத்தைத்தான் காரணமாகக் காட்டினார். கருவிகளின் உலகில் காலம் தானாகக் கழிப்பதில்லை. எப்போது, யாருக்காக, எந்த ஆபத்தை முன்னிட்டு என்று மனிதர்கள் கூடி முடிவு செய்கிறார்கள். 2003இல் அவ்வாறு கூடியவர்கள், பின்தங்கியவர்களுக்கென்று ஒரு பாலம் கட்டினார்கள். அந்தப் பாலம் சில ஆண்டுகளே தாங்கும் என்று அறிந்தும் கட்டினார்கள். அடுத்த பூட்டை வடிவமைப்பவர்கள் அந்த மூன்றாவது வழியை மறவாதிருக்க வேண்டும்.