மூக்கணாங்கயிறு

புதுக்கோட்டை ஜில்லாவில், விராலிமலை வட்டாரத்தில் இருக்கிறது ஆவூர். பெரியநாயகி மாதா கோயிலும், ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்காவும், ஜல்லிக்கட்டும் அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. ஜல்லிக்கட்டில் எல்லோரும் காளை பாய்வதைப் பார்ப்பார்கள். எனக்கோ அதற்கு முந்திய நிமிஷத்தின் மீதுதான் கண். வாடிவாசலுக்குள்ளே காளையின் மூக்கணாங்கயிற்றை அவிழ்க்கிறார்கள். நேற்றுவரை ஒரு சிறுபிள்ளை பிடித்துப் போனாலும் பின்னால் நடந்த ஜீவன் அது. கயிறு போனதும் அதன் கண்ணே மாறிவிடுகிறது.

யந்திரத்துக்கும் மூக்கணாங்கயிறு உண்டு என்பதை அதே ஊரில்தான் தெரிந்துகொண்டேன். 1998-ல் என் பெரியப்பா மகன் ஒரு பழைய 100 சிசி மோட்டார் சைக்கிள் வாங்கினார். டூ-ஸ்ட்ரோக் வண்டி. "இதுக்குள்ளே இன்னும் பலம் இருக்கு தம்பி, கம்பெனிக்காரன் கட்டிப் போட்டிருக்கான்" என்று சொன்ன மெக்கானிக், ஸைலன்ஸருக்குள் இருந்த தடுப்பைக் கழற்றி எறிந்தார். எஞ்சினின் புகைத் துவாரத்தை அரத்தால் ராவி அகலப்படுத்தினார். அன்று மாலை வண்டி போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் கலைந்தன. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை!

கட்டிப் போடுவது என்றால் என்ன? டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் எளிமையான பொருள். இங்கிலாந்தில் ஜோஸப் டே என்பவரின் பட்டறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருந்தி உருவான வகையில் வால்வு என்ற சமாசாரமே கிடையாது. சிலிண்டர் சுவரில் துவாரங்கள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போதே அவற்றைத் திறந்து மூடும். ஆகவே அதன் பலமெல்லாம் மூச்சில்தான் இருக்கிறது. உள்ளே போகும் வழியையோ வெளியே வரும் வழியையோ கொஞ்சம் நெரித்தால் சாதுவாகிவிடும். கார்புரேட்டர் வாயில் ஒரு குறுகிய வளையம், புகைக்குழாயின் கழுத்தில் ஒரு வாஷர் போதும். நெரித்ததை விட்டால் துள்ளும்.

அந்த மூச்சின் ரகசியத்தைக் கண்டவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இஸட். தொழிற்சாலையில் இருந்த வால்ட்டர் காடன். புகைக்குழாயை வெறும் குழாயாக வைக்காமல், நடுவில் பருத்து நுனியில் சிறுத்த வயிறு போலச் செய்தார். வெளியேறும் புகையின் அலை அதில் மோதித் திரும்பி, தப்பி ஓடப் பார்க்கும் புதிய பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். 1961-ல் அவருடைய 125 சிசி பந்தய எஞ்சின் 25 குதிரைச் சக்தி தந்தது. லிட்டர் கணக்கில் பார்த்தால் 200 குதிரை! அதே வருஷம் செப்டம்பரில், பெர்லின் சுவர் எழும்பிய மறுமாதம், ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன அவருடைய ஓட்டக்காரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாடு திரும்பாமல் தப்பிவிட்டார். சுஸுகி கம்பெனியில் சேர்ந்தார். 1962-ல் 50 சிசி உலகப் பட்டம் டெக்னருக்கும் சுஸுகிக்கும் கிடைத்தது.

பந்தயத்தில் இப்படி மூச்சைத் திறந்துகொண்டிருந்தார்கள். தெருவில் அதை மூட வேண்டியதாயிற்று. 1971 கடைசியில் பிரிட்டிஷ் சர்க்கார், பதினாறு வயதுப் பிள்ளைகள் பெடல் வைத்த 50 சிசி மொபெட்டைத்தான் ஓட்டலாம் என்று விதித்தது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? பேருக்கு ஒரு பெடலை மாட்டி, மணிக்கு எழுபது கிலோமீட்டர் ஓடும் வண்டிகளை விற்றார்கள். பெடலை மிதித்தவர் யார் என்று கேட்காதீர்கள்! 1977-ல் சட்டம் விழித்துக்கொண்டு, வேகமே முப்பது மைலுக்கு மேல் போகக் கூடாது என்றது. தொழிற்சாலைகள் கயிறு கட்டி அனுப்பின. பையன்கள் கொல்லைப்புறத்தில் அவிழ்த்தார்கள்.

நம் நாட்டிலும் 50 சிசி என்ற எல்லைக்கு ஒரு மதிப்பு உண்டு. பதினெட்டு ஆகாத, ஆனால் பதினாறு நிறைந்த பிள்ளைக்கு 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் விட்டுவைத்த வாசல் அதுதான். ஆனால் இங்கே கயிறு கட்டியதற்குப் பெரிய காரணம் வயது அல்ல, பெட்ரோல் செலவு. 1983-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்.டி. 350 வண்டியை ராஜ்தூத் 350 என்று கொண்டுவந்தது. ஜப்பானில் 39 குதிரைச் சக்தி கொண்டிருந்த வண்டி, இங்கே முப்பது சொச்சமாக இறங்கிற்று. அதுவும் பெட்ரோலை அதிகம் குடிக்கிறது என்று மூச்சை இன்னும் நெரித்து, இருபத்தேழு அளவில் மற்றொரு வகையும் வந்தது. வாங்கியவர்களில் எத்தனையோ பேர் மெக்கானிக் வீட்டைத் தேடிப் போய், ஜப்பான் பலத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இங்கேதான் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜப்பான் வண்டியின் முன் சக்கரத்தில் இருந்தது டிஸ்க் பிரேக். நம் ஊர் வண்டிக்குக் கொடுத்தது டிரம் பிரேக். அரத்தைக் கையில் எடுத்தவர் ஓட்டத்தை ஜப்பானுக்குக் கொண்டுபோனார். நிறுத்தத்தை இங்கேயே விட்டுவிட்டார். கட்டு எடுக்கும் கலையின் குற்றமெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

அப்படியானால் கயிற்றை அவிழ்க்கவே கூடாதா? சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே வருஷா வருஷம் பந்தயம் நடத்திற்று. பின்னர், 1990-ல், இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே தடம் போட்டார்கள். அங்கெல்லாம் அவிழ்ப்பதே வித்தை. ஆனால் அங்கே எதிரே கட்டை வண்டி வராது, நாய் குறுக்கே ஓடாது, மருத்துவர் காத்திருப்பார். அது வாடிவாசல். காளைக்கு அங்கே கயிற்றை அவிழ்க்கலாம். யாரும் கடைத்தெருவில் அவிழ்ப்பதில்லை.

சட்டமும் இப்போது இதையே சொல்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அதே வருஷத்துத் திருத்தச் சட்டம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று எழுதி வைத்திருக்கிறது.

எங்கள் அண்ணன் கதையை முடிக்கிறேன். புகை வழியை அகலப்படுத்தினால் காற்று அதிகம் போகும். அதற்கேற்ப கார்புரேட்டரின் ஜெட்டையும் பெரிதாக்கிப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு எண்ணெயும் அந்தக் கலவையோடுதானே போகிறது? பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும்; எண்ணெய் படலம் கிழியும்; பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். ஜெட்டை மாற்ற வேண்டும் என்று அந்த மெக்கானிக்குக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. மூன்றாம் வாரம், திருச்சிப் பாதையில், முழு வேகத்தில் எஞ்சின் சீஸ் ஆகி, பின் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. கிளட்சைப் பிடிக்க வேண்டும் என்று நினைக்கும் நேரம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றும் சற்றுச் சாய்ந்துதான் நடக்கிறார்.

போன ஈஸ்டருக்குப் போயிருந்தேன். அவருடைய மகனுக்குப் பதினாறு வயது. எங்கிருந்தோ பிடித்து வந்த பழைய மொபெட் ஒன்றைத் திண்ணையில் பிரித்துப் போட்டுக்கொண்டு, "சித்தப்பா, இதிலே அடைப்பை எடுத்தா எவ்வளவு போகும்?" என்று கேட்டான். நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் உள்ளேயிருந்து சாய்ந்து சாய்ந்து வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மகன் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, "அதை அப்புறம் பார்க்கலாம். முதல்ல பிரேக்கைப் பிரிச்சுக் காட்டுடா" என்றார்.