ஆங்கிலத்தில் பெயர்முன் அடைச்சொற்களின் வரலாறு

ஆங்கிலம் பயிலும் தமிழர்க்குப் பேரிடர் விளைப்பன 'எ', 'ஆன்', 'தி' என்னும் மூன்று சிறு சொற்களாம். இவற்றை இலக்கண ஆசிரியர் வகுத்த விதிகளால் அமைந்தன எனக் கருதி, விதிகளை நெட்டுருச் செய்வோர் பலர். ஆயின், இவை வழக்கில் தாமே வளர்ந்தவை என்பதை இவற்றின் வரலாறு காட்டும்.

ஏறத்தாழ கி.பி. 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் 'தி' என்னும் ஒற்றைச் சொல் நிலைபெறவில்லை. பால், எண், வேற்றுமைக்கேற்பத் திரியும் சுட்டுப்பெயர்களே அதன் பணியைச் செய்தன. 1066இல் நிகழ்ந்த நார்மானியர் வெற்றிக்கு முன்னரே சொல்லீறுகள் நலியத் தொடங்கின. எனவே, பிரெஞ்சு மொழியின் தாக்குதலே இம்மாற்றத்திற்குக் காரணம் எனல் பொருந்தாது. 1154ஆம் ஆண்டுடன் முடிவுறும் பீட்டர்பரோ ஆண்டுக்குறிப்பில் இத்திரிபுகள் பெரிதும் குலைந்திருத்தலைக் காணலாம். காலப்போக்கில் ஆண்பால் வடிவின் வழி 'தி' பொது அடையாயிற்று. ஒன்றன்பால் வடிவோ 'தட்' எனச் சுட்டாகவே எஞ்சியது.

'ஒன்று' எனப் பொருள்படும் 'ஆன்' என்னும் எண்ணுப்பெயர், அழுத்தம் குன்றி அடைச்சொல்லாயிற்று. மெய்யொலியின் முன் அதன் னகர மெய் கெட, 'எ' தோன்றியது. உயிரொலியின் முன் னகரம் சேர்க்கப்படும் எனப் பாடநூல்கள் கூறுவது, வரலாற்று நோக்கில் தலைகீழானதாம். இந்த னகரத்தால் சொல்லெல்லையும் மயங்கிற்று. பிரெஞ்சிலிருந்து வந்த 'நேப்ரன்' என்னும் சொல் 'ஏப்ரன்' ஆனமை இதற்குச் சான்று.

ஆங்கிலேயரிடையேயும் இவ்வடைகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. 1611ஆம் ஆண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் 'மரணம்' என்பதன் முன் 'தி' வந்த ஓரிடத்தை, 1762இல் இலக்கணம் வெளியிட்ட இராபர்ட் லௌத் பிழையெனக் கண்டித்தார். ஆண்டுக் குறிக்கப்படுவது மரணம் என்னும் பொதுமையேயன்றிக் குறித்த ஒரு மரணமன்று என்பது அவர் கருத்து.

தொல்காப்பியம் அ, இ, உ என்னும் சுட்டுக்களை விளக்குகின்றது. தமிழில் அவை சுட்டாகவே நின்றன. கட்டாய அடையாக மாறவில்லை. ஆகலின், கேட்போர் முன்னறிந்த பொருளோ அன்றோ என வினவித் தெளிதலே ஆங்கில அடைகளைக் கற்கும் நெறியாம். அவ்வாறே, மொழிபெயர்ப்போர் 'எ' வருமிடந்தோறும் 'ஒரு' பெய்தலும் வேண்டற்பாலதன்று. 'அவர் மருத்துவர்' என்பதே தமிழ் மரபு. 'அவர் ஒரு மருத்துவர்' என யாண்டும் எழுதுதல் பிறமொழி அடையை நம் மொழிமேல் ஏற்றுவதாகும்.