பிராக்டிஸ் ஸ்கூல் (பிட்ஸ் பிலானி)

ராஜஸ்தான் மாநிலம் பிலானியிலுள்ள பிர்லா தொழில்நுட்ப, அறிவியல் கழகம் (பிட்ஸ்) 1973இல் தொடங்கிய பயிற்சித் திட்டம். தொழிலகப் பணியைப் பாடத்திட்டத்தின் அங்கமாக்கி, அதற்குப் பட்டப்படிப்புக்குரிய கிரெடிட் வழங்குகிறது. அப்போதைய இயக்குநர் சி. ஆர். மித்ராவின் தலைமையில் உருவானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி., வேதிப்பொறியியல் மாணவர்களுக்காக 1916இல் தொடங்கிய பயிற்சிமுறை இவ்வகைத் திட்டங்களின் முன்னோடி.

அமைப்பு: இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது, இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் சுமார் இரண்டு மாதம் நடைபெறும். 5 கிரெடிட் அலகுகள் கொண்டது. இரண்டாவது, இறுதியாண்டில் ஏறக்குறைய ஐந்தரை மாதம் நீடிக்கும். 20 அலகுகள் கொண்டது. இந்த இரண்டாம் கட்டத்துக்குப் பதிலாக ஆய்வேடு எழுதும் வாய்ப்பும் உண்டு.

மதிப்பீடு: நிறுவன வல்லுநரும் கழக ஆசிரியரும் இணைந்து மாணவர்களை வழிநடத்துகின்றனர். கருத்தரங்க உரை, குழு விவாதம், திட்ட அறிக்கை ஆகியவற்றின் அடிப்படையில் தரம் வழங்கப்படுகிறது.

சிறப்பு: பயிற்சி பெற்றதாகச் சான்றிதழ் மட்டும் வாங்கி வரும் வழக்கத்துக்கு மாறாக, ஆசிரியரின் தொடர் கண்காணிப்பில் பணியிடத்தையே வகுப்பறையாக்கியது இத்திட்டத்தின் அரிய பங்களிப்பு.