நீலகிரித் தேயிலைத் தோட்டப் பெண்களும் கருக்கலைப்புச் சட்டமும்

குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம் (உபாசி), 1971-ஆம் ஆண்டு நீலகிரியின் மூன்று தேயிலைத் தோட்டங்களில் ஒரு புதுமையான திட்டத்தைத் தொடங்கியது. அமெரிக்கப் பொருளியலாளர் ரொனால்ட் ரிட்கரின் யோசனையில் உருவான இத்திட்டத்தில், பெண் தொழிலாளி கருவுறாத ஒவ்வொரு மாதத்திற்கும் அவர் பெயரில் 5 ரூபாய் சேமிப்புக் கணக்கில் சேர்க்கப்பட்டது. பிள்ளைப்பேற்றுக் காலம் முடிந்த பின்னரே பணம் கையில் கிடைக்கும். குழந்தைகள் கூடினால் சேமிப்பில் ஒரு பகுதி பறிபோகும்.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை நிர்வாகமே தர வேண்டியிருந்தது. எனவே பிறப்புகள் குறைந்தால் நிர்வாகத்தின் செலவும் குறையும். தொழிலாளிக்கோ சேமிப்பு கிடைத்தது.

அதே 1971-இல் நாடாளுமன்றம் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதுவரை, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றிக் கருவைக் கலைப்பது 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டப்படி குற்றம். அப்பெண்ணும் தண்டனைக்கு உரியவரே. சாந்திலால் ஷா குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்த புதிய சட்டம் 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முடிவு மருத்துவரின் கருத்தைப் பொறுத்தது என்றாலும், 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவரது சம்மதம் மட்டுமே போதும். கணவர், மாமியார், தோட்ட நிர்வாகம் என எவருடைய கையெழுத்தும் தேவையில்லை.

பிற்காலத்தில் வழிமுறைகள் எளிதாயின. மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை 2002-இல் இந்தியாவில் அனுமதி பெற்றது. மிசோப்ரோஸ்டாலுடன் சேர்த்து, மருத்துவரின் மேற்பார்வையில் 9 வாரம் வரை இதைப் பயன்படுத்தலாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் அவசரக் கருத்தடை மாத்திரை வேறு வகையானது. உறவுக்குப் பின் 72 மணி நேரத்திற்குள் உட்கொண்டால் அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது. ஏற்கெனவே உண்டான கருவைக் கலைப்பதில்லை. மருத்துவர் சீட்டின்றி விற்க 2005-இல் அனுமதிக்கப்பட்டும், தமிழ்நாட்டின் பல மருந்துக்கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை. நகரத்திலிருந்து தொலைவில் வாழும் தோட்டப் பெண்ணுக்கு இந்த 72 மணி நேரம் விரைவில் கரைந்துவிடும்.

1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் தோட்டங்களுக்கும் பொருந்தியது. 1995-இல் திருத்தப்பட்ட பின், சட்டப்படி கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணுக்கும் 6 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உறுதியானது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், 24 வாரம் வரையிலான கருக்கலைப்பில் மணமாகாத பெண்களை ஒதுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. குழந்தை வேண்டுமா என்னும் கேள்வி, தோட்டக் கணக்கிலிருந்து பெண்ணின் சம்மதத்திற்கு மெல்ல நகர்ந்து வந்த வரலாறு இது.