விலக்கப்பட்ட நிலமும் விதைத்த கைகளும்: மொன்செராட் தீவின் நெருக்கடிக்கால நிர்வாகம், 1995–1998

1997 ஜூன் 25ஆம் நாள் பகல் ஒரு மணி ஆவதற்குச் சற்று முன்பு, கரீபியக் கடலிலுள்ள மொன்செராட் தீவின் சூஃப்ரியர் குன்றுகள் எரிமலையில் உயர்ந்து நின்ற பாறைக்குவடு சரிந்தது. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கற்களும் கலந்த அனற்பெருக்கு வடகிழக்குச் சரிவின் ஓடைப் பள்ளங்கள் வழியே இறங்கி, கிழக்குக் கடற்கரையிலிருந்த விமான நிலையத்தை நெருங்கி நின்றது. வழியிலிருந்த ஊர்களில் 19 பேர் இறந்தனர். எரிமலை விழித்து ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆபத்துப் பகுதிகள் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தன. ஃபாரல்ஸ், ஸ்ட்ரீத்தம் போன்ற மேட்டுநில ஊர்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டிருந்தனர். தீவின் வானொலியான இசட்.ஜே.பி. எரிமலையின் நிலையை நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தது.

எச்சரிக்கை இவ்வளவு இருந்தும் அவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள்? இக்கேள்விக்கு எளிதாகக் கிடைக்கும் விடை, தடையை மதியாத மக்களின் பிடிவாதம் என்பது. பேரிடர் பற்றிய எழுத்துகளில் இவ்விடை வெவ்வேறு சொற்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மொன்செராட்டைப் பொறுத்தவரை அது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். அங்கே அறிவியல் எச்சரிக்கை பெருமளவு தன் வேலையைச் செய்தது. நிலம், உணவு, உறைவிடம், பள்ளிக்கூடம் என்னும் அன்றாட ஊர் நிர்வாகம்தான் செயலிழந்தது. நெருக்கடித் திட்டமும் ஊர் நிர்வாகமும் இரண்டு தனித்தனிக் கோப்புகளாக வைக்கப்பட்டதன் விளைவு அந்த மரணங்கள்.

மொன்செராட் 102 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பிரித்தானிய ஆட்சிப்புலம். 1995க்கு முன் அங்கே பத்தாயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்ந்தனர். தலைநகர் பிளிமத் தென்மேற்குக் கரையில், எரிமலையின் அடிவாரத்தில் இருந்தது. அரசு அலுவலகங்கள், மருத்துவமனை, துறைமுகம், கடைவீதி எல்லாம் அந்த ஒரே இடத்தில். தீவின் வளமான மண்ணும் தெற்கிலும் நடுப்பகுதியிலும்தான். வடக்கு வறண்டது, மண் மெலிந்தது, ஆட்கள் குறைவு.

1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் தீவைத் தாக்கிக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைச் சிதைத்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1987இல், ஜெஃப்ரி வாட்ஜ், மைக்கேல் ஐசக்ஸ் என்னும் இரு புவியியலாளர்கள் எரிமலை அபாயம் குறித்த அறிக்கை ஒன்றை அளித்திருந்தனர். பிளிமத் அனற்பெருக்கின் பாதையில் இருப்பதை அது காட்டியது. 1897–98, 1933–37, 1966–67 ஆகிய ஆண்டுகளில், கிட்டத்தட்ட முப்பது ஆண்டுக்கு ஒருமுறை, நிலநடுக்கத் தொடர்கள் தீவை உலுக்கியிருந்ததால், அடுத்த முறை எப்போது என்று கேட்பதற்குக் காரணமும் இருந்தது. புயலுக்குப் பின் மறுகட்டுமானம் தொடங்கியபோது இந்த அறிக்கை எந்த முடிவையும் மாற்றவில்லை. மருத்துவமனையும் பொதுக் கட்டடங்களும் பிளிமத்திலேயே மீண்டும் எழுந்தன. ஒரு தீவுக்குத் தன் தலைநகரை இடம் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு எளிதில் வாய்ப்பதில்லை. மொன்செராட்டுக்குப் புயல் அதைக் கொடுத்தது. நிர்வாகம் அதைக் காணவேயில்லை. அபாய வரைபடம் புவியியலாளரின் மேசையிலும் கட்டட வரைபடம் பொதுப்பணித் துறையின் மேசையிலும் இருந்ததைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

புயல் இன்னொரு தீங்கையும் விட்டுச் சென்றது. நெருக்கடி என்றால் என்ன என்பதற்கு அதுவே அளவுகோல் ஆயிற்று. புயலில் மக்கள் தேவாலயத்துக்குள்ளும் பள்ளிக்குள்ளும் ஒதுங்குவார்கள். காற்று அடங்கியதும் வெளியே வந்து கூரையைச் சரிசெய்வார்கள். நெருக்கடியின் ஆயுள் சில நாள், மறுகட்டுமானத்தின் ஆயுள் சில மாதம். 1995 ஜூலை 18இல் எரிமலை புகையத் தொடங்கியபோது நிர்வாகத்தின் கையில் இந்த ஒரு முன்மாதிரிதான் இருந்தது. ஆகஸ்டில் பிளிமத் காலி செய்யப்பட்டது, மக்கள் திரும்பினர். டிசம்பரில் மறுபடியும் வெளியேற்றம், ஜனவரியில் மறுபடியும் திரும்புதல். 1996 ஏப்ரல் தொடக்கத்தில் மூன்றாம் முறையாக நகரை விட்டுப் போனவர்கள் பிறகு அங்கே குடியேறவே இல்லை. ஆனால் அவர்களை வரவேற்ற வடக்கு, புயல்கால ஒதுங்கிடமாகவே வைக்கப்பட்டிருந்தது. தேவாலயங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் குடும்பங்கள் துணித்திரை கட்டிப் பிரித்த இடங்களில் மாதக்கணக்கில் வாழ்ந்தன. கழிப்பறை போதவில்லை, தனிமை இல்லை. பள்ளிக்கூடம் முகாமானதால் பிள்ளைகளின் படிப்பு முடங்கியது. படிப்பை எண்ணியே பலர் அண்டைத் தீவான ஆன்டிகுவாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பினர். போக வழியுள்ளவர்கள் போனார்கள். முகாம்களில் எஞ்சியவர்களில் முதியவர்களும் வசதியற்றவர்களும் மிகுதி.

உழவர்களின் நிலையை இங்கே தனியாகப் பார்க்க வேண்டும். வெளியேற்ற ஆணை ஓர் உழவனுக்கு என்ன சொல்கிறது? உன் வீட்டை விடு, நிலத்தை விடு, கால்நடையை விடு என்கிறது. எங்கே விதைப்பது என்பதைச் சொல்வதில்லை. வடக்கில் மாற்று விளைநிலம் ஒதுக்கித் தரும் வேலை, வெளியேற்றத்தோடு சேர்ந்து நடந்திருக்க வேண்டியது, காலத்தில் நடக்கவில்லை. உணவுக்குச் சீட்டு கொடுத்தார்கள். சீட்டு ஒருவரின் பசியை ஆற்றலாம். காலையில் எழுந்து செய்ய வேலை இருக்கும் ஒரு மனிதனின் நிலையை அது திருப்பித் தராது; கடனை அடைக்காது; பிள்ளையின் பயணச் செலவுக்கு உதவாது. ஃபாரல்ஸ் பக்கத்து மண்ணோ தீவின் நல்ல மண்களில் ஒன்று. நட்ட பயிர் அங்கே விளைந்து நின்றது. எனவே பகலில் போய்ப் பயிரைப் பார்த்துவிட்டு மாலையில் முகாமுக்குத் திரும்புவது வழக்கமாயிற்று. அங்கே விளைந்தது வடக்கே விற்பனைக்கும் வந்தது. அதாவது, தடைசெய்யப்பட்ட நிலத்தின் விளைச்சலைப் பாதுகாப்பான பகுதி உண்டு வாழ்ந்தது. இந்த உண்மை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. காவல் தடுப்புகளில் ஆட்களைத் திருப்பி அனுப்ப முயன்ற அதே நிர்வாகம், அவர்கள் ஏன் போகிறார்கள் என்பதற்கு விடை காணவில்லை.

விமான நிலையம் பற்றியும் ஒரு சொல். தீவின் ஒரே விமான நிலையம் ஜூன் 25 அன்றும் இயங்கிக்கொண்டிருந்தது. தீவுக்கு மாற்று வழி குறைவு என்பதால் அதைத் திறந்து வைத்ததற்கு நியாயம் உண்டு. ஆனால் மக்கள் அரசின் சொல்லைப் போலவே அதன் செயலையும் படிக்கிறார்கள். கிழக்குச் சரிவின் அடியில் அரசே விமானம் இறக்கும்போது, அதே சரிவின் மேலே கேரட்டுப் பாத்தியில் ஒரு மணி நேரம் நிற்பது அவ்வளவு பெரிய ஆபத்தா என்று ஒருவர் எண்ணினால், அந்த எண்ணத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது.

இறந்தவர்களைப் பற்றிய மரண விசாரணை 1999 ஜனவரியில் முடிந்தது. ஒன்பது மரணங்களில் அரசின் தவறுகளுக்கும் பங்கு உண்டு என்று நடுவர் குழு கருதியது. முகாம்களின் அவலமும், வடக்கில் விளைநிலம் கிடைக்காததும் அங்கே பேசப்பட்டன. பேரிடர் ஆய்வாளர்கள் இந்த முடிவை இன்னும் கூர்ந்து படிக்க வேண்டும். எரிமலையால் நேர்ந்த மரணத்துக்கு நில ஒதுக்கீட்டையும் கழிப்பறையையும் காரணப் பட்டியலில் சேர்த்தவர்கள் அந்தத் தீவின் சாதாரண மக்கள்.

பொறுப்பு யாருடையது என்பதிலேயே சிக்கல் இருந்தது. அரசமைப்புப்படி உள்நாட்டுப் பாதுகாப்பு லண்டன் நியமிக்கும் ஆளுநரிடம். வீடு, நிலம், கல்வி, உழவு ஆகியவை தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சரின் அரசிடம். பணம் பெரும்பாலும் லண்டனிடம். லண்டனிலும் வெளியுறவுத் துறை, வளர்ச்சி உதவித் துறை என இரண்டு வாசல்கள். வெளியேற்ற ஆணை ஒருவர் கையெழுத்தில் ஒரே நாளில் வந்துவிடும். வெளியேறியவருக்கு நிலம் தர வேண்டுமானால் தீவின் அமைச்சு கேட்க வேண்டும், லண்டன் மதிப்பிட வேண்டும், மறுபடியும் கேள்வி எழுப்ப வேண்டும், பிறகு பணம் வர வேண்டும். ஆணையின் வேகமும் உதவியின் வேகமும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி இருந்தன. 1997 நவம்பரில் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பன்னாட்டு வளர்ச்சிக் குழு இந்தப் பொறுப்புப் பிளவைக் கண்டித்தது. அதற்கு முன்பே ஆகஸ்டில், முகாம் நிலைமையையும் போதாத இழப்பீட்டையும் எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கினர். முதலமைச்சர் பெர்ட்ராண்ட் ஆஸ்போர்ன் பதவி விலகினார். பணத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் எவரும் பதவி விலகவில்லை. அந்நாளில் வளர்ச்சித் துறைச் செயலர் கிளேர் ஷார்ட், தீவார் அடுத்துத் தங்க யானை கேட்பார்கள் என்ற பொருளில் பேசியது அங்கே ஆறாத புண்ணாயிற்று.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எரிமலை எவ்வளவு காலம் நீடிக்கும் என்று 1996இல் யாராலும் சொல்ல முடியவில்லை. 1976இல் அருகிலுள்ள குவாதலூப்பில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர்; அஞ்சிய பெருவெடிப்பு நிகழவில்லை. அந்த அனுபவத்தை அறிந்தவர்கள் வடக்கில் நிரந்தரமாகச் செலவிடத் தயங்கியது இயல்பே என்பார்கள். தயக்கம் இயல்புதான். ஆனால் காலம் தெரியாது என்பதிலிருந்து அது குறுகியதாக இருக்கும் என்ற முடிவுக்குத் தாவியது எப்படி? நிச்சயமின்மை இரு பக்கமும் வெட்டும். எரிமலை ஆறே மாதத்தில் அடங்கியிருந்தாலும் வடக்கில் அமைத்த குடியிருப்பும் திருத்திய விளைநிலமும் ஒரு தீவுக்கு வீணாகியிருக்காது. தலைநகரையும் வளமண்ணையும் எரிமலையடியில் வைத்திருக்கும் தீவுக்கு அவை எப்படியும் வேண்டியவை. மேலும், வடக்கின் லுக்அவுட் பகுதியில் பிறகு வீடுகள் எழுந்தன. 1998இல் கண்ணில் பட்ட நிலம் 1996இலும் அங்கேயேதான் கிடந்தது.

தென் அட்லாண்டிக்கின் டிரிஸ்டன் ட குன்யாவை இங்கே ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1961 அக்டோபரில் ஊருக்கு அருகிலேயே எரிமலை வெடித்தபோது அங்கிருந்த 260க்குச் சற்று மேற்பட்டோர் முழுவதுமாக வெளியேறி இங்கிலாந்து சேர்ந்தனர். அவர்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று அதிகாரிகள் எதிர்பார்த்தனர். 1962இல் வாக்கெடுப்பு நடந்தபோது 148 பேர் திரும்புவதற்கு வாக்களித்தனர்; எதிர்த்தவர்கள் 5 பேர். 1963இல் பெரும்பாலோர் தீவு திரும்பினர். எரிமலைக் குழம்பு மீன் பதனிடும் ஆலையையும் படகிறங்கும் கரையையும் மூடிவிட்டிருந்ததால், புதிய துறைமுகம் ஒன்று கட்டப்பட்டு 1967இல் திறக்கப்பட்டது. இரண்டு எரிமலைகளின் தன்மையும் வேறு, மக்கள்தொகையும் வேறு. எல்லாவற்றையும் பொருத்திப் பார்ப்பது சரியாகாது. ஒன்று மட்டும் பொருந்தும். டிரிஸ்டன் மக்களிடம் எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று ஒருமுறை முறையாகக் கேட்டார்கள். மொன்செராட் மக்களிடம், வடக்கில் எப்படி வாழப்போகிறீர்கள் என்று 1996இல் எவரும் முறையாகக் கேட்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் தேர்தல் நடந்தது. ஆனால் தொகுதிகள் பழைய ஊர்களின் எல்லைப்படி இருந்தன, ஊர்களில் பலவற்றில் ஆட்கள் இல்லை. காலியான நிலத்துக்குப் பிரதிநிதி இருந்தார். நெரிசலான முகாமுக்கு இல்லை. தீவு முழுவதையும் ஒரே தொகுதியாக்கி ஒன்பது பேரைத் தேர்ந்தெடுக்கும் முறை 2001இல்தான் வந்தது.

1998 தொடக்கத்தில் தீவில் எஞ்சியவர்கள் மூவாயிரம் பேரளவில். வடக்கின் ஜெரால்ட்ஸ் மேட்டில் புதிய விமான நிலையம் 2005இல் திறந்தது. இன்று அங்கே பேரிடர் மேலாண்மைக்குத் தனி அமைப்பு உண்டு, அபாய நிலைகளுக்கு எண்ணிட்ட அட்டவணை உண்டு, விலக்கப்பட்ட பகுதிக்குள் போக முறையான அனுமதி வேண்டும். இவை நல்லவை. ஆனால் இவ்வேற்பாடுகள் யாவும் எவர் எப்போது வெளியேற வேண்டும் என்பதையே விரிவாகப் பேசுகின்றன. வெளியேறியவர் மூன்றாம் மாதம் என்ன பயிரிடுவார், பன்னிரண்டாம் மாதம் எந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பார், யாருக்கு வாக்களிப்பார் என்பதும் அதே அட்டவணையில், அதே கையெழுத்தின் கீழ் இருக்க வேண்டும். சிறு தீவுகளுக்கு நெருக்கடித் திட்டம் எழுதுவோரிடம் இதைக் கோரிக்கையாகவே வைக்கிறேன்: எந்த நிலத்தை மூடுகிறீர்களோ, அதற்கு ஈடாகத் திறக்கும் நிலத்தின் பெயரையும் பரப்பையும் அதே ஆணையில் எழுதுங்கள், எழுத முடியாவிட்டால் அந்த ஆணை பாதி ஆணைதான்.