‘பழக்கம்’ என்கிற சொல்: வாய்ப்புற்று வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1960 வரை சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த அம்மையார்குப்பம் நெசவாளர் ஊர். இங்கே தறிக்கூடங்களில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை நாலும் நூலோடு சேர்ந்த சரக்குகள். ‘பாவு பக்கத்துல பீடி பத்த வெக்க முடியுமா? தூக்கமும் வரக்கூடாது, கையும் ஓயக்கூடாது. வாயில ஒதுக்கிக்கிட்டா ரெண்டும் நடக்கும்’ என்றார் எங்கள் தெருப் பெரியவர். மருத்துவ நூல்களில் இதற்குப் பெயர் ‘பழக்கம்’. இந்தச் சொல் எதை மறைக்கிறது?

1863இல் பெர்லினில் ருடால்ஃப் விர்ச்சோவ், நாட்பட்ட அழற்சி உள்ள இடத்தில்தான் புற்று முளைக்கிறது என்றார். கட்டிகளுக்குள் வெள்ளணுக்களை அவர் கண்டிருந்தார். (அழற்சி என்பது பாடநூல் சொல். புண்பட்ட இடம் சிவந்து, வீங்கி, கனன்று வலிக்கிறதே, அதுதான்.) 1915இல் ஜப்பானில் யாமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் மாதக்கணக்கில் தார் பூசிப் புற்றை உண்டாக்கிக் காட்டியது இதன் தொடர்ச்சி. நம் பக்கத்துச் சாட்சியங்களும் உண்டு. காஷ்மீரில் குளிருக்குக் காங்கிரிச் சட்டியை அணைத்துக்கொள்கிறவர்களுக்கு அடிவயிற்றில், தொடையில். ஸ்ரீகாகுளம் பக்கம் சுட்டாவின் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்களுக்கு மேலண்ணத்தில். சுட்ட இடத்தில்தான் கட்டி.

தென்திருவிதாங்கூரில், இன்றைய குமரி மாவட்டத்து நெய்யூரில், லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி மருத்துவர் பென்டால் 1908இல் புற்றுநோய் பற்றி எழுதினார். 1933இல் அதே ஊரிலிருந்து ஐ.எம். ஆர் என்ற மருத்துவர் ‘லான்செட்’ இதழில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றி விரிவாக எழுதினார். போயிலை ஒதுங்குகிற கன்னத்தின் உட்புறமே இங்கு கட்டி வரும் இடம். நல்ல அவதானிப்புத்தான். ஆனால் ‘பழக்கம்’ என்று சொன்னவுடன் பழி தனியாள் தலையில் விழுகிறது. இரவு முழுக்க ஓடுகிற தறி பார்வையிலிருந்து நழுவிவிடுகிறது.

புண்ணுக்குள் என்ன நடக்கிறது? சுண்ணாம்பின் காரமும் பாக்கின் உராய்வும் கன்னத்தைத் தினமும் ரணமாக்குகின்றன. வெள்ளணுக்கள் ஓடிவந்து கிருமியைக் கொல்லும் ரசாயனங்களைக் கக்குகின்றன: ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைப்போகுளோரஸ் அமிலம். பின்னது நெசவூருக்குத் தெரிந்த சமாச்சாரம். நூல் வெளுக்க ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்தால் கிடைப்பது. கிருமி என்றால் நாலு நாளில் சண்டை முடியும். இங்கே மறுநாளும் போயிலை வருகிறது. கக்கியது சொந்தச் செல்லின் டி.என்.ஏ.வையே சுடுகிறது.

டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் சுலபமாகச் சுடுபடுவது குவானின். 1984இல் காசாய், நிஷிமுரா இருவரும் இந்தத் தழும்பை அடையாளம் கண்டார்கள். சைட்டோசினோடு சேரவேண்டிய குவானின், சுடுபட்டபின் அடினினோடு சேர்ந்துவிடும். பிரதிகள் எடுக்க எடுக்க அந்த இடத்தில் தைமின் வந்து உட்காரும். பழுதுபார்க்கும் நொதிகள் இல்லாமலில்லை. ஆனால் புண் ஆறவேண்டுமே, ஆகவே ‘சீக்கிரம் பெருகு’ என்றும் அழற்சி செல்லை விரட்டுகிறது. அறுந்த இழையைப் பிணைக்காமல் விசைத்தறி ஓடினால் என்னாகும் என்று நெசவாளிக்குச் சொல்லத் தேவையில்லை. தறியை நிறுத்தும் வேலையைச் செய்வது பி53 மரபணு. பழுது அதிலேயே விழுந்தால் நிறுத்த ஆளில்லை.

எல்லாவற்றையும் அழற்சியின் தலையில் கட்டவும் முடியாது. போயிலையின் நைட்ரோசமின்களிலிருந்து உடலுக்குள் உருவாகும் பொருட்கள் நேராகவே டி.என்.ஏ.வில் ஒட்டுகின்றன. போயிலை சேராத பாக்கும் நிரபராதியல்ல. சுண்ணாம்புக் காரத்தில் பாக்குச் சாறு தானாகவே பெராக்சைடை உண்டாக்கும் என்று 1987இல் ஓர் ஆய்வு காட்டியது. கென்யாவிலிருந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாய் உள்ளே நார்போல் இறுகித் திறக்கமுடியாமல் போனதை ஷ்வார்ட்ஸ் 1952லேயே பதிவுசெய்திருந்தார். காரணம் பாக்கு என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் போயிலை கலந்த தாம்பூலத்தை 1985இல் புற்றுண்டாக்கி என்று அறிவித்த சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, வெறும் பாக்கின் மீதான தீர்ப்பை 2004இல்தான் வெளியிட்டது. இடைப்பட்ட இருபது வருஷத்தில் பான்மசாலாப் பொட்டலம் பெட்டிக்கடை தோறும் சரம்சரமாகத் தொங்கிவிட்டது. 2013இல் தமிழக அரசு குட்காவைத் தடைசெய்தது. வெற்றிலை பாக்கு அதில் வராது.

வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண்: இவற்றைப் பார்க்க டார்ச் விளக்கு போதும். இந்தக் கட்டத்திலேயே கண்டு, போயிலையையும் பாக்கையும் விட்டால் ஆபத்து குறையும். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பார்க்கலாம், சாதாரணமாகப் போகும். பெரியவருக்கு இரண்டுதான் போனது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். ‘ஒரு நாள் கூலி போயிடும் தம்பி, இந்தப் பாவு முடியட்டும்’ என்றார்.